ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் புறப்படுங்கள்: முதல் தடவை உம்ரா போகும் நம்மூராருக்கு

மக்காவுக்குப் போய்ச் செய்கிற உம்ரா வணக்கத்துக்குப் பேர் கொடுத்தவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால், "தவாபில் (கஃபாவைச் சுற்றும்போது) என்ன துஆ ஓதுவது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் முதலில் கேட்பது, "பாஸ்போர்ட் இன்னும் எத்தனை மாதம் செல்லும்?" என்று. சிலருக்கு இது பிடிப்பதில்லை. "எல்லாம் அல்லாஹ்ட நாட்டம் தம்பி, நீங்க என்ன இப்பிடிக் கேக்கிறீங்க" என்று சம்மாந்துறை மாமி ஒருவர் முகத்தைச் சுளித்தார். அவருடைய பாஸ்போர்ட் முடிய நான்கு மாதம்தான் இருந்தது. ஆறு மாதமாவது இல்லாமல் விசாவுக்குக் கொடுக்க முடியாது.

மாமி சொன்ன வார்த்தையில் பிழை இல்லை. அதைச் சொல்லவேண்டிய நேரம்தான் இன்னும் வரவில்லை. மக்காவிலும் மதீனாவிலும் நீங்கள் பார்க்கப்போகும் இடங்களில் முக்கால்வாசி, தவக்குல், அதாவது அல்லாஹ்வின் மேல் பொறுப்புச் சாட்டுவது, என்றால் என்ன என்று நமக்கு முன்னே யாரோ செய்து காட்டிய இடங்கள். அது தெரியாமல் போனால் ஸியாரா என்கிற இடம் பார்க்கும் சுற்று பஸ் ஜன்னல் வழியாக ஒரு மலையைப் பார்த்து, போனில் படம் பிடித்து, அடுத்த மலைக்குப் போவதாக முடிந்துவிடும். கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று, காத்தான்குடி, ஏறாவூர் என்று நம் பக்கத்தில் இருந்து முதல் தடவை போகிறவர்களுக்காக, நானும் என் உம்மாவும் போய்வந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள்

ஒரு மனிதர் நபியவர்களிடம் (ஸல்) கேட்டார்: "ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மேல் பொறுப்புச் சாட்டவா, அவிழ்த்து விட்டுவிட்டுப் பொறுப்புச் சாட்டவா?" "கட்டு, பிறகு பொறுப்புச் சாட்டு" என்பது பதில். திர்மிதியில் இருக்கும் இந்த ஹதீஸ் நம் ஜும்ஆக்களில் அடிக்கடி கேட்டதுதான். அதே நூலில் இன்னொன்று: அல்லாஹ்வின் மேல் உண்மையாகப் பொறுப்புச் சாட்டினால், பறவைக்கு உணவளிப்பது போல உங்களுக்கும் அளிப்பான், அது காலையில் ஒட்டிய வயிற்றோடு போகிறது, மாலையில் நிறைந்த வயிற்றோடு வருகிறது. பறவை கூட்டைவிட்டுப் போகிறது என்பதைக் கவனியுங்கள்.

வேளாண்மை செய்கிற குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. உழுது, வரம்பு கட்டி, விதைத்து, வக்கடையை (வரம்பில் தண்ணீர் போகும் வாயை) அடைத்துவிட்டு அப்புறம்தான் போடியார் வானத்தைப் பார்ப்பார். அதற்குப் பிறகு மழை அவர் கையில் இல்லை, வெள்ளம் அவர் கையில் இல்லை, அறக்கொட்டிப் பூச்சி வருவதும் வராததும் அவர் கையில் இல்லை. அந்த இடத்தில் சொல்கிற "அல்லாஹ் இருக்கிறான்" என்ற வார்த்தைக்கு ஒரு கனம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு மருதமுனை, சாய்ந்தமருதுக் கரையில் இருந்து திரும்பவும் தோணியைக் கடலில் இறக்கியவர்களின் வாயில் இருந்து அந்த வார்த்தையைக் கேட்டவர்களுக்கு அது தெரியும்.

இன்னொரு செய்தியையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அது யாத்திரிகர்களைப் பற்றியே வந்தது. யமன்வாசிகள் சிலர் கட்டுச்சோறு எதுவும் இல்லாமல் ஹஜ்ஜுக்கு வருவார்கள், "நாங்கள் தவக்குல் வைத்தவர்கள்" என்பார்கள், மக்கா வந்ததும் ஆட்களிடம் கையேந்துவார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரழி) சொல்வது புகாரியில் இருக்கிறது. அப்போதுதான் "வழிச்செலவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், வழிச்செலவில் சிறந்தது இறையச்சம்" என்ற வசனம் (2:197) இறங்கியது. இறையச்சத்தைச் சொல்கிற அதே வசனம் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு போகச் சொல்கிறது.

ஊரில் கட்டவேண்டியவை

கடனில் தொடங்குங்கள். சில்லறைக் கடைக் கொப்பியில் இருக்கிற கணக்கு, சீட்டுக் காசு, யாரோ நம்பித் தந்த அமானிதம், இவற்றை ஒரு தாளில் எழுதித் தீர்க்கக்கூடியதைத் தீர்த்து, மிச்சத்தை வீட்டில் ஒருவருக்குக் காட்டி வையுங்கள். சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய் மன்னிப்புக் கேட்கிற நம் வழக்கம் நல்லது. ஆனால் ஐந்து வருசம் பேசாத மச்சானின் வீட்டைத் தவிர மற்ற எல்லா வீட்டுக்கும் போய்வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் அந்த வீட்டுக்குப் போங்கள்.

அடுத்தது ஏஜென்சி. நான் முதல் தடவை போனபோது பொறுப்பாக இருந்தவர் "ஹறத்துக்குப் பக்கத்தில் ஹோட்டல்" என்றார். (ஹறம் என்றால் மக்காவின் பெரிய பள்ளிவாசல்.) எத்தனை மீற்றர், எந்த ஹோட்டல், அறையில் எத்தனை பேர் என்று ஒன்றும் கேட்கவில்லை. முழுக் காசையும் கையில் கொடுத்தேன், பற்றுச்சீட்டு கூட வாங்கவில்லை. "நல்ல காரியத்துக்குப் போறம், அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். போய்ப் பார்த்தால் ஹறத்துக்கு நடந்து போக முடியாத தூரம். உம்மாவால் ஐவேளையும் ஜமாஅத்துக்கு வரமுடியவில்லை. அன்று நான் தவக்குல் என்று நினைத்தது வெறும் சோம்பல் என்பதை உம்மா அறையில் தனியாகத் தொழுததைப் பார்த்தபோதுதான் விளங்கிக்கொண்டேன். எனவே பதிவுள்ள முகவரா என்று பாருங்கள். ஹோட்டலின் பேர், தூரம், சாப்பாடு, ஸியாராவில் காட்டும் இடங்கள், போக வர டிக்கெட் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். காசு கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பள்ளியில் முன் ஸப்பில் நிற்கிறவர் என்றாலும் வாங்குங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்கிற வசனம்தான் (2:282) குர்ஆனிலேயே மிக நீளமானது.

மூளைக்காய்ச்சல் தடுப்பூசி (மெனிஞ்சைட்டிஸ்) போய்ச்சேருவதற்குக் குறைந்தது 10 நாளைக்கு முன் போட்டிருக்க வேண்டும். சீனி வருத்தம், பிரஷர் உள்ளவர்கள் கிளினிக் கொப்பியைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு, குளிசைகளைக் கைப்பையில் போடுங்கள். பெரிய பெட்டியில் போட்டால் அந்தப் பெட்டி ஒரு நாள் பிந்தி வந்தாலும் சிக்கல். தினமும் ஆறு ஏழு கிலோமீற்றர் நடக்கவேண்டி வரும். ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே சுபஹுக்குப் பிறகு கடற்கரை வீதியில் நடந்து பழகுங்கள். புதுச் செருப்பை அங்கே போய்ப் போடாதீர்கள், இங்கேயே போட்டுத் தேய்த்துக்கொண்டு போங்கள்.

இதெல்லாம் முடிந்து, இரவில் வேன் கட்டுநாயக்கவுக்குப் புறப்படுகிறதே, அப்போது சொல்லுங்கள் மாமி சொன்ன வார்த்தையை. வீட்டை விட்டு இறங்கும்போது ஓதுகிற "பிஸ்மில்லாஹி தவக்கல்து அலல்லாஹ்" என்ற துஆவில் தவக்குல் என்ற சொல்லே இருக்கிறது. வாசற்படியில் ஓதுவதற்கென்று தரப்பட்ட துஆ அது.

உம்ராவுக்குள் நுழையும் நிலையான இஹ்ராம் பற்றிச் சுருக்கமாக: நேரே ஜித்தா போய் இறங்குகிறவர்கள், விமானம் மீகாத் எனும் இஹ்ராம் எல்லையைக் கடக்கும் முன் நிய்யத் (மனதில் எண்ணம்) வைத்துவிட வேண்டும். இஹ்ராம் உடையை விமான நிலையத்திலேயே உடுத்திக்கொண்டு ஏறுவது லேசு. முதலில் மதீனா போகிறவர்களுக்கு மீகாத் துல்ஹுலைபா. இப்போது அபியார் அலி என்பார்கள். சட்டங்களை ஊர் மௌலவியிடம் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸபா, மர்வா: ஓடிய கால்

ஸபா, மர்வா என்ற இரு குன்றுகளுக்கு இடையே நடக்கும் ஸஃயியைச் செய்யும்போது நீங்கள் நடப்பது குளிரூட்டிய பளிங்குத் தரையில். ஒரு பக்கம் சுமார் 450 மீற்றர், ஏழு தடவை சேர்த்தால் மூன்று கிலோமீற்றருக்கும் மேல். தொடங்கும் முன் ஸபாவில் இரண்டு நிமிடம் நின்று, இந்த இடத்தில் பளிங்கும் இல்லை, நிழலும் இல்லை, ஒரு மனிதரும் இல்லை என்று நினைத்துப் பாருங்கள்.

இப்ராஹீம் நபி (அலை) மனைவியையும் பால் குடிக்கிற பிள்ளையையும் அங்கே விட்டுத் திரும்பி நடந்தார். ஒரு பையில் பேரீச்சம்பழம், ஒரு தோற்பையில் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் நடந்தார். ஹாஜர் அம்மையார் பின்னாலேயே போய், "இதை அல்லாஹ்வா உங்களுக்குக் கட்டளையிட்டான்?" என்று கேட்டார். "ஆம்." "அப்படியென்றால் அவன் எங்களைக் கைவிடமாட்டான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். இதைவிடப் பெரிய தவக்குல் வார்த்தையை நான் கேட்டதில்லை. இதைச் சொன்னவர், தண்ணீர் முடிந்ததும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருக்கவில்லை. குன்றில் ஏறினார், இறங்கினார், பள்ளத்தில் ஓடினார், மறு குன்றில் ஏறினார். ஏழு தடவை. இன்று பச்சை விளக்குப் போட்டிருக்கிற பகுதியில் ஆண்கள் ஓடுவது அந்த ஓட்டத்தின் நினைவில்தான்.

தண்ணீர் கடைசியில் வந்தது ஸபாவிலும் இல்லை, மர்வாவிலும் இல்லை. பிள்ளை கிடந்த இடத்தில் வந்தது. மலக்கு பூமியைத் தோண்டி நீர் பொங்கியதும் அவர் என்ன செய்தார் என்பதைப் புகாரி ஹதீஸ் சொல்கிறது: கையால் மண்ணைக் கூட்டி அணை கட்டினார், தோற்பையை நிரப்பினார். அற்புதம் கண்ணெதிரே நடக்கும்போதும் அந்தத் தாயின் கை வேலை செய்தது! ஸஃயி முடித்து ஸம்ஸம் குடிக்கிறபோது இந்த இடத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கும்.

முழங்கால் வலி உள்ளவர்கள் சக்கர நாற்காலியில் ஸஃயி செய்யலாம், தனிப் பாதை இருக்கிறது. வெட்கப்பட்டு நடந்து விழுந்துவிடாதீர்கள்.

தவ்ர் குகை: மூன்று இரவு

ஸியாரா பஸ் இங்கே பத்து நிமிடம்தான் நிற்கும். பெரும்பாலான குழுக்கள் கீழே இருந்து பார்த்துவிட்டுப் போய்விடும். குழுவுக்கான நேரம் அவ்வளவுதான், வழிகாட்டி மௌலவியைக் குறை சொல்வதற்கில்லை. நீங்கள்தான் கதையை ஊரிலேயே படித்துக்கொண்டு வரவேண்டும். என்னைக் கேட்டால், மக்காவைச் சுற்றி இருக்கிற இடங்களில் தவக்குலுக்கு இதைவிடப் பெரிய பாடசாலை இல்லை.

622ஆம் ஆண்டு ஹிஜ்ரத், மக்காவை விட்டு மதீனாவுக்குக் குடிபெயர்ந்த பயணம். நபியவர்களும் அபூபக்ர் (ரழி) அவர்களும் மதீனாவுக்குப் புறப்படுகிறார்கள். மதீனா மக்காவுக்கு வடக்கே. தவ்ர் மலை தெற்கே இருக்கிறது. தேடி வருகிற மக்காவின் குறைஷிக் குலத்தார் வடக்கு வழியில்தான் தேடுவார்கள் என்று தெரிந்து எதிர்ப் பக்கம் போனார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் இந்தத் திசையைத்தான் முதலில் கவனிக்கவேண்டும்.

பிறகு ஒவ்வொருவர் செய்த வேலையாக எண்ணுங்கள். அபூபக்ர் (ரழி) இரண்டு ஒட்டகங்களை நான்கு மாதமாகத் தீனி போட்டு ஆயத்தமாக வைத்திருந்தார். ஒன்றை நபியவர்களுக்குக் கொடுத்தபோது விலைக்குத்தான் எடுப்பேன் என்றார்கள். அலி (ரழி) அன்றிரவு நபியவர்களின் படுக்கையில் படுத்தார். மக்காவாசிகள் நம்பித் தந்திருந்த அமானிதங்களைத் திருப்பிக் கொடுப்பதும் அவர் பொறுப்பு. அபூபக்ரின் மகன் அப்துல்லாஹ் பகலில் குறைஷிகளிடையே இருந்து பேச்சைக் கேட்டு, இருட்டியதும் குகைக்கு வந்து சொல்வார். மகள் அஸ்மா (ரழி) இடுப்புக் கச்சையைக் கிழித்துச் சாப்பாட்டுப் பையைக் கட்டினார், அதனால் "இரு கச்சையுடையவர்" என்றே பேர் வந்தது. ஆமிர் இப்னு புஹைரா ஆட்டு மந்தையை அந்தப் பக்கம் மேய்த்து வந்து பால் கொடுத்தார், மந்தையின் குளம்புகள் காலடித் தடங்களையும் மூடின. வழிகாட்டுவதற்குக் கூலிக்குப் பேசிய அப்துல்லாஹ் இப்னு உரைகித் முஸ்லிம்கூட இல்லை. பாதை தெரிந்தவர், வாக்குத் தவறாதவர் என்பதால் ஒட்டகங்களையே அவரிடம் ஒப்படைத்து, மூன்று இரவு கழித்துக் குகைக்கு வரச் சொன்னார்கள். (என் உம்மாவையும் என்னையும் கட்டுநாயக்கவுக்குக் கொண்டுபோய் விட்டவர் பக்கத்து ஊர்த் தமிழ் அண்ணன் ஒருவர். நடு வழியில் சுபஹு நேரம் வந்ததும் நாங்கள் சொல்லாமலே பள்ளிவாசலைப் பார்த்து வேனை நிறுத்தினார். தவ்ர் மலையடியில் நின்றபோது அவர் நினைவு வந்தது, அவருக்காகவும் துஆச் செய்தேன்.)

இவ்வளவு கட்டிய பிறகும் என்ன நடந்தது? தேடி வந்தவர்கள் குகை வாசலுக்கே வந்துவிட்டார்கள். நூறு ஒட்டகம் பரிசு என்று அறிவிக்கப்பட்டிருந்த தலை. "அவர்களில் ஒருவன் குனிந்து தன் காலடியைப் பார்த்தால் நம்மைக் கண்டுவிடுவானே" என்று அபூபக்ர் (ரழி) பதறினார். திட்டம் அத்தோடு முடிந்துபோயிற்று. இனிச் செய்ய ஒன்றும் இல்லை. அங்கேதான் "இருவருக்கு மூன்றாமவனாக அல்லாஹ் இருக்கும்போது அவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்?" என்ற பதில் வந்தது. "கவலைப்படாதீர், அல்லாஹ் நம்மோடு இருக்கிறான்" என்று குர்ஆன் (9:40) அதைப் பதிந்து வைத்தது. சிலந்தி வலை, புறாக்கூட்டுக் கதைதான் நம்மூரில் பிரபலம். அந்த அறிவிப்புகளின் பலம் பற்றி உலமாக்களிடையே பேச்சு உண்டு. குர்ஆனிலும் புகாரியிலும் உள்ள இந்தப் பகுதியே போதும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏறுவதா? இளைஞர்கள் ஏறலாம். செங்குத்தான மலை, ஏற ஒன்றரை மணித்தியாலம் வரை எடுக்கும். சுபஹுக்குப் பிறகு உடனே தொடங்கி வெயிலுக்கு முன் இறங்கிவிட வேண்டும். ஏறுவது உம்ராவின் கடமையோ சுன்னத்தோ கிடையாது. பெரியவர்கள் கீழே நின்று கதையை நினைத்தால் குறை ஒன்றும் இல்லை.

ஹிரா

ஹிரா குகை இருக்கிற ஜபலுன் நூர் மலை தவ்ரைவிட லேசு. படிகள் இருக்கின்றன, கூட்டமும் இருக்கும். 610இல் குர்ஆனின் முதல் சொல்லான "இக்ரஃ" (ஓதுவீராக) இறங்கிய சிறு குகை, நாலைந்து பேருக்கு மேல் இடம் இல்லை. உள்ளே தொழ முண்டியடிப்பார்கள், நீங்கள் முண்டியடிக்காதீர்கள். கதீஜா (ரழி) அம்மையாரைப் பற்றி நினைத்துக்கொண்டே இறங்குங்கள். பல நாள் அங்கே தங்குவதற்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தவர் அவர். நடுங்கி வந்தவரிடம், "அல்லாஹ் உங்களை ஒருபோதும் கேவலப்படுத்தமாட்டான், நீங்கள் உறவைச் சேர்க்கிறீர்கள், இயலாதவரைச் சுமக்கிறீர்கள்" என்று சொன்னவரும் அவரே.

கல்லிடம் கேட்காதீர்கள்

இந்த இடங்களில் பாறையைத் தடவி முகத்தில் பூசுகிறவர்கள், குகைச் சுவரில் பிள்ளையின் பேரை எழுதுகிறவர்கள், மண்ணைத் துணியில் முடிந்துகொண்டு வருகிறவர்கள் எல்லாரையும் பார்ப்பீர்கள். இதைப் பற்றி நம் ஊர்களில் எவ்வளவு வாக்குவாதம் நடந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். நான் சண்டைக்குள் போகவில்லை. உமர் (ரழி) கஃபாவில் இருக்கிற ஹஜருல் அஸ்வத் என்ற கறுப்புக் கல்லை முத்தமிட்டுவிட்டுச் சொன்னதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்: "நீ ஒரு கல், நன்மையோ தீமையோ உன்னால் செய்யமுடியாது என்று எனக்குத் தெரியும். அல்லாஹ்வின் தூதர் உன்னை முத்தமிடக் கண்டிராவிட்டால் உன்னை முத்தமிட்டிருக்கமாட்டேன்." அன்பு அந்த முத்தத்தில் இருக்கிறது, நம்பிக்கை யார் மேல் என்பது அந்தப் பேச்சில் இருக்கிறது. இரண்டையும் ஒரே வாயால் அவர் சேர்த்தார். மதீனாவின் உஹது மலையைப் பற்றி நபியவர்களே, "இந்த மலை நம்மை நேசிக்கிறது, நாமும் அதை நேசிக்கிறோம்" என்று சொல்லியிருக்கும்போது, ஓர் இடத்தை நேசிப்பதற்கு நாம் கூச்சப்பட வேண்டியதில்லை. கேட்பதை மட்டும் கிப்லாவை நோக்கி, அல்லாஹ்விடம் கேளுங்கள்.

மதீனாவில்

நபியவர்களின் பள்ளிவாசலுக்குள் இருக்கிற ரவ்ளாவுக்குப் போக நுசுக் என்ற போன் செயலியில் முன்கூட்டியே நேரம் எடுக்கவேண்டும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறு வேறு நேரம். போய் இறங்கிய பிறகு பார்ப்போம் என்று விட்டால் கிடைக்காமல் போகலாம். ஊரில் இருக்கும்போதே பிள்ளைகளைக் கொண்டு உம்மா வாப்பாவின் போனில் செயலியைப் போட்டு, அனுமதி கிடைத்ததும் படம் பிடித்து வையுங்கள். குபா பள்ளிவாசலுக்கு அறையிலேயே வுழூச் செய்துகொண்டு போங்கள். வீட்டில் சுத்தம் செய்துகொண்டு அங்கே போய்த் தொழுதால் ஓர் உம்ராவின் கூலி என்று ஹதீஸ் இருக்கிறது. நபியவர்கள் சனிக்கிழமைகளில் அங்கே போவார்கள், சில நேரம் நடந்து, சில நேரம் வாகனத்தில்.

உஹதில் அதிக நேரம் கேளுங்கள். அரை மணித்தியாலமாவது. உஹதுப் போர் நடந்தது ஹிஜ்ரி 3, அதாவது 625. ஹம்ஸா (ரழி) உட்பட எழுபது ஷஹீத்கள். அவர்கள் அடங்கியிருக்கிற இடத்தின் சுற்றுவேலிக்கு எதிரே இருக்கிற சின்னக் குன்றுதான் அம்பெய்வோர் நின்ற இடம். ஐம்பது பேரை நிறுத்தி, நாங்கள் வென்றாலும் தோற்றாலும் இறங்கவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். பெரும்பாலானோர் இறங்கினார்கள். அந்த நாளில் நபியவர்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு கவசம் அணிந்திருந்தார்கள். அல்லாஹ்வின் பாதுகாப்பை அவர்களைவிட நம்பியவர் யார்? அப்படியும் இரண்டு கவசம். அடுத்த நாள், காயத்தோடு இருந்தவர்களையே கூட்டிக்கொண்டு ஹம்ராவுல் அஸத் வரை எதிரியைத் தொடர்ந்து போனார்கள். ஆட்கள் திரண்டு வருகிறார்கள், பயந்துகொள்ளுங்கள் என்று செய்தி வந்தபோது அவர்கள் சொன்னதுதான் "ஹஸ்புனல்லாஹு வநிஃமல் வகீல்" (3:173), அல்லாஹ் நமக்குப் போதும், பொறுப்பேற்பவர்களில் அவனே சிறந்தவன் என்று. நெருப்பில் எறியப்பட்டபோது இப்ராஹீம் நபி சொன்னதும் இதே வார்த்தை. குன்றுக்கு முன் நின்று அதை ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

அகழிப் போர் நடந்த கந்தக் பக்கம் இப்போது அகழி தெரியாது, பள்ளிவாசல்கள்தான் தெரியும். ஸல்மானுல் பாரிஸி (ரழி) சொன்ன யோசனையில் 627இல் தோண்டிய அகழி, பசியில் வயிற்றில் கல் கட்டிக்கொண்டு தோண்டினார்கள். பஸ் நிற்காவிட்டால் கடந்துபோகும்போதாவது வழிகாட்டியிடம் எந்தப் பக்கம் என்று கேளுங்கள்.

திரும்பி வரும்போது

ஸம்ஸமைப் பெரிய பெட்டிக்குள் உடுப்போடு வைத்துக் கட்டாதீர்கள். ஐந்து லீற்றர் போத்தல் தனிப் பெட்டியில் விமான நிலையத்தில் கிடைக்கும், உங்கள் விமானத்தில் ஆளுக்கு எத்தனை என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வந்ததும் வீடு நிறைய ஆட்கள் வருவார்கள். ஹோட்டல் சாப்பாட்டையும் கடைத்தெருவையும் பற்றித்தான் பேச்சு வரும். அதற்கு நடுவே ஓர் இடத்தின் கதையையாவது முழுதாகச் சொல்லுங்கள், பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். என் உம்மா ஹாஜர் அம்மையார் தோற்பையை நிரப்பியதைச் சொல்லிக்கொண்டே பேரப்பிள்ளைகளுக்குச் சின்னக் கோப்பைகளில் ஊற்றிக் கொடுத்தார். மிச்சம் இருந்த போத்தலின் மூடியை இரண்டு தரம் இறுக்கிப் பார்த்துவிட்டு, "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி அலுமாரிக்குள் வைத்தார்.